போட்டோ புடிச்சிட்டுப் போனவங்க

ராத்திரி ஒன்னரை மணிக்கு ஒரு கல்யாண ஹைலைட்ஸை ரெண்டர்ல, அதாவது வெட்டி ஒட்டுனதை ஒரே வீடியோவா ஆக்க கம்ப்யூட்டர்ல போட்டுட்டு உக்காந்திருந்தேன். ஆறு நிமிஷ வீடியோதான், ஆனா என் சிஸ்டம் வாங்கி ஏழு வருஷம் ஆச்சு, முக்கி முனகி முக்கால் மணி நேரம் எடுத்துக்கும், நம்பி எந்திரிச்சுப் போய்ப் படுத்தா சரியா தொண்ணூத்திரெண்டு பர்சென்ட்ல தொங்கி நிக்கும், அதனால காவல் காத்தே ஆகணும். அந்த மாதிரி நேரத்துல போன்ல பழைய டாக்குமெண்டரி எதையாவது ஓட விடுறது பழக்கம். அன்னைக்கு ஓடுனது ஆனந்த் பட்வர்தனோட 'பாம்பே அவர் சிட்டி', இந்தியில 'ஹமாரா ஷஹர்', 1985ல வந்தது. நாலாவது தடவையோ அஞ்சாவது தடவையோ பாக்குறேன்.

மும்பையில குடிசைகளை இடிக்கிறதைப் பத்தின படம். அதுல ஒரு எடத்துல ஒரு பொம்பள கேமராவையே பாத்துத் திட்டுவாங்க. ஏழைங்களைப் படம் புடிச்சுட்டுப் போய் நீங்க பேர் வாங்கிப்பீங்க, எங்களுக்கு என்ன செஞ்சுடப் போறீங்கங்கிற மாதிரி கேப்பாங்க. அதுக்குக் கேமரா பக்கத்துல இருந்து உருப்படியான பதில் ஒன்னும் வராது. வரவும் முடியாது.

மொத தடவை பாத்தப்ப அந்த சீன் சும்மா கடந்து போச்சு. இத்தனை வருஷம் கல்யாண வீடியோ வெட்டுன பொறவு பாக்கும்போதுதான் வேற மாதிரி உறைச்சுது. ஏன்னா எங்க தொழில்ல மொத விதியே அதுதான், பந்தியில ரசம் வரலன்னு மாமா சத்தம் போட்டா வெட்டு, பொண்ணு வீட்டுப் பெரியம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா வெட்டு, கேமராக்காரன் காலை மிதிச்சான்னு யாராவது ஏசுனா அதை மொதல்ல வெட்டு. இங்க ஒரு மனுஷன் தன்னையே செருப்பால அடிக்கிற மாதிரி ஒரு கேள்வியை எடிட்டிங் டேபிள்ல வச்சு, கத்திரிக்கோலும் கையில இருக்கு, வெட்டுனா யாருக்கும் தெரியவும் போறதில்ல, ஆனா வெட்டல. விட்டுட்டாரு. படத்தோடயே அந்தத் திட்டு நாப்பது வருஷமா ஊரு ஊரா சுத்திட்டு இருக்கு.

எனக்கு என்ன தோணுதுன்னா, அவரோட அம்பது வருஷ வேலையையும் அந்தப் பொம்பளைக்குப் பதில் சொல்லிட்டே இருக்குற மாதிரி பாக்கலாம். அவரு அப்படிச் சொல்லிக்கல, இது என் கணக்கு.

நான் இவரைக் கண்டுபுடிச்சது காலேஜ் ரெண்டாவது வருஷம். ஒரு சங்க ஆபீஸ் மாடியில வேட்டியத் திரையாக் கட்டி, யாரோ எங்கயோ இருந்து காப்பி போட்டுக் கொண்டுவந்த விசிடியில 'ராம் கே நாம்' போட்டாங்க. முப்பது பேர் இருந்தோம், ஃபேன் ஒன்னு. எனக்கு இந்தி தெரியாது, இங்கிலீஷ் சப்டைட்டில் கீழ ஓடுது, வேட்டி மடிப்புல பாதி எழுத்து விழுந்துடுது. பக்கத்துல இருந்த ஒரு தோழர், ரயில்வேல வேலை, வடக்க பத்து வருஷம் இருந்தவரு, குசுகுசுன்னு எனக்கு மட்டும் தமிழ்ல சொல்லிட்டே வந்தாரு. கொஞ்ச நேரத்துல பின்னாடி இருந்து "அண்ணே சத்தமாவே சொல்லுங்க"ன்னாங்க. அப்புறம் மொத்தப் படத்தையும் அவரு குரல்லதான் பாத்தோம். இன்னைக்கும் அந்தப் படம்னா எனக்கு அவரு குரல்தான் ஞாபகம் வருது.

படம் 1990 அக்டோபர்ல நடக்குது. அத்வானியோட ரத யாத்திரை கெளம்பி அயோத்திக்குப் போயிட்டு இருக்கு, அக்டோபர் 30 அன்னைக்கு கரசேவை, அதாவது ராமர் கோயில் கட்டுற வேலைன்னு நாள் குறிச்சாச்சு. பட்வர்தன் கேமராவைத் தூக்கிட்டு ஊர்வலத்துல போறவங்ககிட்ட ரொம்ப சாதாரணமா, ஸ்கூல் பையன் கேக்குற மாதிரி ஒரு கேள்வி கேப்பாரு, ராமர் எந்த நூற்றாண்டுல பொறந்தாருன்னு. பொறந்த எடம் இன்ச் சுத்தமாத் தெரிஞ்சவங்களுக்கு காலம் தெரியாது. முழிப்பாங்க, சிரிப்பாங்க, பக்கத்துல இருக்குறவனப் பாப்பாங்க. அவரு குரல் உசராது, நக்கலும் இருக்காது. கேட்டுட்டு சும்மா கேமராவப் புடிச்சுட்டு நிப்பாரு, அவ்வளவுதான். அந்த நிக்கிற நேரம் இருக்கே, ஒரு நாலு செகண்டு அஞ்சு செகண்டு, அதை வெட்டாம வைக்கத்தான் எடிட்டருக்குத் தைரியம் வேணும்.

அந்தப் படத்துல மறக்க முடியாதவர் பூசாரி லால்தாஸ். கோர்ட் நியமிச்ச பூசாரி, அந்த சர்ச்சைக்குரிய எடத்துலயே பூசை பண்றவர். வெளியில இருந்து வந்த நாத்திகர் யாரும் பேசல, கருவறைக்குள்ள நிக்கிற ஆளே சொல்றாரு, இதெல்லாம் ஓட்டுக்கும் பணத்துக்கும் நடக்குற வேலைன்னு. ஏத்த எறக்கம் இல்லாம, பக்கத்து வீட்டுக்காரர் பேசுற மாதிரி. 1992ல அவரைப் பூசாரி வேலையில இருந்து எடுத்துட்டாங்க. அந்த டிசம்பர் 6ல பாபர் மசூதி போச்சு. 1993 நவம்பர்ல அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. படம் எடுத்தப்ப இதெல்லாம் நடக்கல, மசூதி இடிபடுறதுக்கு முன்னாடியே முடிஞ்ச படம். இப்ப பாக்குறவங்களுக்கு மட்டும் தெரியும், திரையில பேசிட்டு இருக்குற இந்த மனுஷனுக்கு இன்னும் மூணு வருஷம்தான்னு.

அந்தப் படத்துக்கு தேசிய விருது கொடுத்தது கவர்ன்மெண்டு. தூர்தர்ஷன்ல போட மாட்டேன்னதும் கவர்ன்மெண்டு. வலது கை மாலை போடுது, இடது கை கதவச் சாத்துது. சென்சார்ல யு சர்ட்டிபிகேட் வாங்குன படம், அதாவது சின்னப்புள்ளைங்க பாக்கலாம். ஆனா 2019ல ஹைதராபாத் யுனிவர்சிட்டியில போட்ட பசங்களை போலீஸ் புடிச்சுட்டுப் போச்சு. 2024 ஜனவரியில அயோத்தி கோயில் திறப்புக்கு ரெண்டு நாள் முன்னாடி, அதே ஹைதராபாத்துல படம் போட்டதுக்காக மூணு பேரைக் கைது பண்ணாங்க. முப்பது வருஷம் தாண்டியும் சூடு ஆறாத சரக்கு.

இவரு எங்க இருந்து வந்தாருன்னு கொஞ்சம் சொல்லணும். 1950ல பம்பாய்ல பொறந்தவரு. குடும்பமே சுதந்திரப் போராட்டக் குடும்பம், பெரியப்பாக்கள் ராவ் பட்வர்தன், அச்யுத் பட்வர்தன், இதுல அச்யுத் 1942ல தலைமறைவா இருந்து வேலை செஞ்ச சோசலிஸ்ட். அம்மா நிர்மலா, மண்பாண்டக் கலைஞர், சிந்து மாகாண ஹைதராபாத்துக்காரங்க. எல்பின்ஸ்டன் காலேஜ்ல இங்கிலீஷ் இலக்கியம், அப்புறம் ஸ்காலர்ஷிப்ல அமெரிக்காவுல பிராண்டைஸ் யுனிவர்சிட்டியில சோசியாலஜி. அது வியட்நாம் போர் நேரம், போய் எறங்குன எடமே போராட்டக் களம். படிச்சு முடிச்சு அங்கயே ஒட்டிக்காம திரும்பி வந்து மத்தியப் பிரதேசத்துல ஒரு கிராமத்து அமைப்புல வேலை பாத்தாரு. ஃபிலிம் ஸ்கூல் பக்கமே போகல.

1974ல பீகார். ஜெயப்பிரகாஷ் நாராயணோட ஜேபி இயக்கம். நவம்பர் 4 அன்னைக்குப் பாட்னாவுல பெரிய பேரணி, போலீஸ் அடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும், அதைப் பதிவு பண்ண ஆள் வேணும். இவரு கையில இருந்தது சூப்பர் எயிட் கேமரா, குடும்பத்தோட ஊட்டி போனா புள்ளைங்களை எடுக்குறதுக்குன்னு விக்குற சாதனம். அதுல எடுத்தாரு. அப்புறம் அந்த ரீலைத் திரையில ஓட்டி, திரையில ஓடுறத 16 எம்எம் கேமரால திரும்பப் படம் புடிச்சாரு. இன்னைக்கு தியேட்டர்ல செல்போன்ல படம் புடிக்கிறான் பாருங்க, கிட்டத்தட்ட அந்த வேலை, தன் படத்துக்கே. சொரசொரன்னு, கரிப்புகை மாதிரி இருக்கும் அந்தக் காட்சிங்க. அதுதான் 'கிராந்தி கி தரங்கேன்'. படம் முடிஞ்ச சூட்டோட 1975 ஜூன்ல எமர்ஜென்சி. படத்துல இருக்குறவங்க பாதிப் பேர் ஜெயில்ல. பிரிண்டைத் துண்டு துண்டா வெட்டி, வேற வேற ஆளுங்க கையில வெளிநாட்டுக்கு அனுப்பி, இவரும் கனடாவுக்கு மெக்கில் யுனிவர்சிட்டிக்குப் படிக்கப் போயி, அங்க உக்காந்து துண்டையெல்லாம் ஒட்ட வச்சு ஊரு ஊராப் போட்டுக் காட்டுனாரு, இந்தியாவுல என்ன நடக்குதுன்னு.

இது சினிமாக் கதை மாதிரி இருக்குன்னு எல்லாரும் ரசிச்சு எழுதுவாங்க. எனக்குப் புடிச்சது அதுக்கு அடுத்தது. 1977ல எமர்ஜென்சி போச்சு, இவரு ஆதரிச்ச இயக்கத்து ஆளுங்களே ஆட்சிக்கு வந்துட்டாங்க. அந்த நேரத்துல வேற ஒருத்தரா இருந்தா தகவல் ஒலிபரப்புத் துறைப் பக்கம் ஒரு நாற்காலி பாத்து உக்காந்திருப்பாரு. இவரு போய் அரசியல் கைதிங்களைப் பத்திப் படம் எடுத்தாரு, 'ஜமீர் கே பந்தி', 1978. எமர்ஜென்சிக்கு முன்னாடியும் கைதிங்க இருந்தாங்க, இப்பவும் இருக்காங்கன்னு. சொந்தக் கட்சி ஜெயிச்ச வீட்டுல போய் எழவு சொல்றது மாதிரி. நடுவுல கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் பண்ணையில வேலை பாக்குற நம்மூர் ஆளுங்க, பெரும்பாலும் பஞ்சாபிங்க, சங்கம் கட்டுனதைப் பத்தி ஒன்னு எடுத்தாரு, 1981ல.

சரி, அந்தத் திட்டு. 'பாம்பே அவர் சிட்டி' எடுத்த காலம் எப்படின்னா, 1981ல மகாராஷ்டிரா கவர்ன்மெண்டு நடைபாதையில குடியிருக்கவங்களை மழைக்காலத்துல பஸ் ஏத்தி ஊருக்குத் துரத்தலாம்னு கெளம்புச்சு. அதை எதிர்த்துப் போட்ட ஓல்கா டெல்லிஸ் வழக்குல 1985ல சுப்ரீம் கோர்ட் பொழைப்பும் உயிர் வாழுற உரிமையில சேந்ததுதான்னு சொல்லுச்சு, ஆனா இடிக்கிறது நிக்கல. படத்துக்கும் தேசிய விருது வந்தது. 1986ல கஃப் பரேட் பக்கம் சஞ்சய் காந்தி நகர் குடிசைங்களை இடிச்சுத் தள்ளுனப்ப, அங்க இருந்த சனங்களோட சேந்து ஷபானா ஆஸ்மியும் இவரும் உண்ணாவிரதம் உக்காந்தாங்க. போட்டோ புடிச்சுட்டுப் போய் என்ன செய்வீங்கன்னு கேட்டாங்கல்ல. திரும்பி வந்து பக்கத்துல பட்டினி கெடக்குறது ஒரு பதில். அது போதுமான பதிலான்னு எனக்குத் தெரியாது, ஆனா டாக்குமெண்டரி எடுக்குற நூறு பேர்ல தொண்ணூத்தஞ்சு பேர், என்னையும் சேத்துத்தான் சொல்றேன், அந்தத் தெருவுக்குத் திரும்பிப் போறதே இல்ல.

அடுத்து கோர்ட். இந்த மனுஷன் கோர்ட்டுக்குப் போன கதையெல்லாம் வரிசையா எழுதுனா படிக்கிறவங்க ஓடிடுவீங்க, அதனால ரெண்டே ரெண்டு. 'பித்ரு புத்ர அவுர் தர்மயுத்த', 1995. மதவெறிக்கும் ஆம்பளத்தனத்துக்கும் என்ன உறவுன்னு பாக்குற படம், ரூப் கன்வர்ங்கிற பொண்ணை செத்த புருஷனோட சிதையில ஏத்துன ராஜஸ்தான் தேவ்ராலாவுல இருந்து பம்பாய் கலவரம் வரைக்கும் போகும். ரெண்டாவது பாகத்துல ரோட்டோரமா ஆண்மைக்கு மருந்து விக்குறவன் வருவான், நம்மூர் பஸ் ஸ்டாண்டு லேகியக்காரர் மாதிரி அச்சு அசல், சுத்தி நின்னு வாயப் பொளந்து பாக்குற கூட்டமும் நம்மூர்க் கூட்டம்தான். அந்தப் பேச்சையும் மேடையில தலைவருங்க பேசுற பேச்சையும் அடுத்தடுத்து வச்சிருப்பாரு, ஒரு வார்த்தை விளக்கம் சொல்ல மாட்டாரு. இதுக்கு ரெண்டு தேசிய விருது. தேசிய விருது வாங்குன படத்தை தூர்தர்ஷன் ஏன் போடலன்னு கேட்டு வழக்கு, ஹைகோர்ட்ல ஜெயிச்சா அவங்க மேல போறாங்க, கடைசியா 2006 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் போடுன்னு சொல்லுச்சு. பதினோரு வருஷம். பதினோரு வருஷத்துல டிவியில பாக்குற ஆளே மாறிட்டான், கேபிள் வந்து, சீரியல் வந்து, தூர்தர்ஷன்னா என்னன்னு கேக்குற தலைமுறை வந்துடுச்சு. ஜெயிச்சதுதான், ஆனா பந்தி முடிஞ்ச பொறவு எல போட்டு உக்கார வச்ச மாதிரி.

இன்னொன்னு 'ஜங் அவுர் அமன்', 2002. 1998 மே மாசம் பொக்ரான்ல நாம வெடிச்சோம், அதே மாசம் பாகிஸ்தான் வெடிச்சுது, ரெண்டு பக்கமும் லட்டு. இவரு இந்தியா, பாகிஸ்தான், ஜப்பான், அமெரிக்கான்னு சுத்தி எடுத்தாரு. அதுல பாகிஸ்தான்ல ஒரு ஸ்கூல்ல பொண்ணுங்க பேச்சுப்போட்டி மாதிரி அணுகுண்டுக்கு ஆதரவா ஆவேசமாப் பேசுங்க, முடிஞ்சதும் இவரு நெஜமாவே அப்படித்தான் நெனைக்கிறியாம்மான்னு கேட்டா அப்படியே எறங்கி வந்துடும். கைதட்டு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் பேசறோம்கிறதை ஒரு ஸ்கூல் புள்ள அவ்வளவு வெள்ளந்தியா ஒத்துக்குது. இதுக்கு சென்சார் போர்டு 21 எடத்துல வெட்டச் சொல்லுச்சு. அதுல ஒன்னு என்ன தெரியுமா, பிரதமர், மந்திரிங்க உட்பட அரசியல் தலைவருங்க வர்ற, பேசுற காட்சி எல்லாத்தையும் எடுத்துடணும். அணுகுண்டுப் படத்துல அணுகுண்டு வெடிச்சவங்க வரக்கூடாது! மாப்பிள்ளை இல்லாம கல்யாண வீடியோ கேக்குற மாதிரி. 2003ல பம்பாய் ஹைகோர்ட் ஒரு வெட்டும் வேணாம்னு விட்டுடுச்சு.

அடுத்த வருஷத்து மும்பை டாக்குமெண்டரி ஃபெஸ்டிவல்ல இந்தியப் படங்களுக்கு மட்டும் சென்சார் சர்ட்டிபிகேட் கட்டாயம்னு கொண்டுவரப் பாத்தாங்க, எதிர்ப்பு கெளம்புனதும் வாபஸ், ஆனா தேர்வுங்கிற பேர்ல குஜராத் கலவரத்தைப் பத்தின படம் மாதிரி கொஞ்சம் காரமானதெல்லாம் கழண்டுக்கிச்சு. நாடு முழுக்க இருந்த டாக்குமெண்டரிக்காரங்க ஒன்னு சேந்து ஃபெஸ்டிவல் நடக்குற எடத்துக்குப் பக்கத்துலயே, பிரபாதேவியில பூபேஷ் குப்தா பவன்ல 'விகல்ப்'னு தனியா ஒரு விழா நடத்திட்டாங்க. விகல்ப்னா மாற்று. பட்வர்தனும் அதுல இருந்தாரு.

இந்தப் படமெல்லாம் எடுக்கக் காசு எங்க இருந்து வருதுங்கிறதுதான் எங்க ஆளுங்க மொதல்ல கேக்குற கேள்வி, நானும் கேட்டேன். பெரிய ரகசியம் ஒன்னுமில்ல. கேமரா அவரே புடிப்பாரு, ஆரம்பத்துல ரஞ்சன் பாலித் மாதிரி ஆளுங்க எடுத்தாங்க, அப்புறம் பெரும்பாலும் அவரேதான். எடிட்டிங்கும் அவரே. ஒரு படத்தோட கேசட், டிவிடி வித்து, வெளிநாட்டு யுனிவர்சிட்டிங்க வாங்குறதுல வர்ற காசுல அடுத்த படம். அதனால ஒரு படத்துக்கு நாலு வருஷம், ஆறு வருஷம் ஆகும். டெட்லைன் கொடுக்க ஆளில்ல, அதனால காட்சிக்காகக் காத்திருக்கலாம். இங்க எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு, ஒளிக்காம சொல்றேன். இங்கிலீஷ் சரளமா பேசுற, மும்பையில சொந்தமா தலைக்கு மேல கூரை இருக்குற, சட்டத்தை நம்பி கோர்ட் படி ஏறுற தெம்பு இருக்குற குடும்பத்துல பொறந்தா அப்படிக் காத்திருக்கலாம். மதுரையில அமுதன் 2003ல 'பீ'ன்னு ஒரு படம் எடுத்தாரு, தெருவுல மலம் அள்ளுற ஒரு தூய்மைப் பணியாளரைப் பத்தி. அந்த மாதிரி நம்ம பக்கத்துல வேலை செஞ்சவங்களுக்கு ஒரு வழக்குக்குப் பதினோரு வருஷம் நிக்கிறதுக்குக் காலு இருக்குமாங்கிறது வேற கேள்வி. பட்வர்தனுக்கும் இது தெரியாததில்ல, அந்த வசதியை அவரு வேற எதுக்கும் செலவழிக்கல, அது வரைக்கும் சரி.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான எடம். 'பாம்பே அவர் சிட்டி'யில ஒரு பாட்டுக்காரர் வருவாரு, விலாஸ் கோக்ரே. தலித் கவிஞர், கம்யூனிஸ்ட் கலைக்குழுவுல பாடுனவரு. குரல்னா அப்படி ஒரு குரல், தொண்டையில இருந்து வராது, வயித்துல இருந்து வரும். 1997 ஜூலை 11 காலையில மும்பை காட்கோபர் ரமாபாய் அம்பேத்கர் நகர்ல அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டிருந்தது. சனங்க ரோட்டுக்கு வந்தாங்க, போலீஸ் சுட்டுது, பத்து பேர் செத்தாங்க. நாலு நாள் கழிச்சு விலாஸ் கோக்ரே தூக்குல தொங்கிட்டாரு.

தன் படத்துல பாடுன ஆளு. அந்தச் சாவுல இருந்து ஆரம்பிச்சு பதினாலு வருஷம் எடுத்தாரு 'ஜெய் பீம் காம்ரேட்'. 2011ல முடிஞ்சுது, மூணு மணி நேரத்துக்கு மேல ஓடும். சுட்டதுக்கு போலீஸ் சொன்ன காரணம், கூட்டம் கேஸ் டேங்கரைக் கொளுத்தப் பாத்துச்சுங்கிறது. அந்தக் கதையை எடத்தையும் நேரத்தையும் வச்சு நிதானமாப் பிரிச்சுப் போடுவாரு, எங்க ஆளுங்க டைம்லைன்ல ஃபிரேம் ஃபிரேமா நகத்திப் பாப்போமே அப்படி. ஆனா படம் அதோட நிக்காது, பாட்டு பாட்டாப் போகும். செத்தவங்க வீட்டுக்கு வருஷா வருஷம் போவாரு. குழந்தையா இருந்தது பெருசாகும். வழக்கு நகராது. தலைவருங்க கூட்டணி மாறுவாங்க. கடைசியில பூனா கபீர் கலா மஞ்ச்னு ஒரு இளவட்டக் குழு, ஷீத்தல் சாத்தே பாடுறதைக் கேக்கணும், விலாஸ் விட்ட எடத்துல இருந்து எடுத்துட்டுப் போற மாதிரி இருக்கும். அந்தப் புள்ளைங்க மேல நக்சல்னு வழக்குப் போட்டு, அவங்க தலைமறைவாகி, 2013 ஏப்ரல்ல ஷீத்தலும் அவங்க வீட்டுக்காரரும் மும்பையில வெளிப்படையா வந்து நின்னாங்க, ஒளிஞ்சிருக்க எங்ககிட்ட குத்தம் இல்லன்னு. ஷீத்தல் அப்ப கர்ப்பம். அவங்களுக்காகக் கட்டுன பாதுகாப்புக் கமிட்டியில பட்வர்தன் இருந்தாரு.

படத்தை எங்க போட்டாருங்கிறதும் முக்கியம். ஃபெஸ்டிவலுக்கும் போச்சு, ஆனா மும்பையில சால்னு சொல்ற ஒண்டுக்குடித்தன வீடுங்களுக்கு நடுவுல, தலித் பஸ்தியில, திறந்தவெளியில திரை கட்டிப் போட்டாங்க. படத்துல இருக்குறவங்களே உக்காந்து மூணு மணி நேரம் பாத்தாங்க.

குறை சொல்லாம விட்டா இது துதிபாடல் ஆயிடும். 'விவேக்', 2018, பகுத்தறிவு பேசுன தபோல்கர், பன்சாரே, கல்புர்கி, பத்திரிகைக்காரர் கௌரி லங்கேஷ் கொலைங்களைச் சுத்தி எட்டு அத்தியாயம், கிட்டத்தட்ட நாலு மணி நேரம். ஆம்ஸ்டர்டாம் விழாவுல பெரிய பரிசு. கேரளாவுல போடறதுக்கு மத்திய அரசு அனுமதி மறுத்து, 2019ல கேரளா ஹைகோர்ட் போய்த்தான் போட்டாங்க. ஆனா எனக்கு அது பாதிக்கு மேல பாடம் நடத்துற மாதிரி இருந்துச்சு. முன்னாடி படங்கள்ல கேள்வி கேட்டுட்டு சும்மா நின்ன மனுஷன் இதுல பேசுறாரு, நெறையாப் பேசுறாரு. கோவம் நியாயம்தான், அப்படிப்பட்டவங்களைச் சுட்டுக் கொன்னா யாருக்குத்தான் பொறுமை இருக்கும். இருந்தாலும் ஒரு எடிட்டரா சொல்றேன், ஒரு மணி நேரம் வெட்டலாம். (சென்சார் போர்டு மாதிரி பேசுறேன்னு எங்க ஆளு ஒருத்தன் கேலி பண்ணான், பண்ணட்டும்.)

அதுக்கப்புறம் 2023ல 'தி வேர்ல்ட் இஸ் ஃபேமிலி' வந்தது, அவரோட அப்பா அம்மாவைப் பத்தி. வயசான காலத்துல வீட்டுல சும்மா எடுத்து வச்ச வீடியோ எல்லாம். அம்மா கிண்டல் பண்ணுவாங்க, அப்பா சிரிப்பாரு. பெரிய அரசியல் படம் எடுக்கணும்னு தூக்குன கேமராவை வீட்டு மேசையில வச்சதும் அதுக்குள்ள காந்தியும் பிரிவினையும் சிந்துவும் தானா வந்து உக்காந்துக்குது. நான் அந்தப் படத்துல அழுதேன். 'ஜெய் பீம் காம்ரேட்'ல அழல, ஏன்னு யோசிச்சா கொஞ்சம் வெக்கமாவும் இருக்கு.

இப்ப என் கதை. 2010ல நானும் ஒரு டாக்குமெண்டரிக்காரன். மினி டேப் போடுற Mini DV கேமரா ஒன்னு வாடகைக்கு எடுத்துட்டு தூத்துக்குடி பக்கம் உப்பளத்துக்குப் போனேன். பத்து நாள், பதினோரு டேப். வெள்ளென அஞ்சு மணிக்கே பொம்பளைங்க பாத்தியில எறங்கிடுவாங்க, வெயில் ஏற ஏற உப்பு மின்னி கண்ணு அவியும், கால் வெடிப்புக்குள்ள உப்புத்தண்ணி போனா என்ன ஆகும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், செருப்பு போட்டுட்டு நின்னுகிட்டு. ஒரு ஆச்சி உப்பு வாருன பலகையை ஊனி நிறுத்திட்டுக் கேட்டாங்க, "எய்யா, போட்டோ புடிச்சிட்டுப் போறியே, திரும்ப வருவியா?" வருவேன் ஆச்சின்னேன். "எல்லாரும் அப்படித்தாம்யா சொல்லுதாங்க."

படம் முடியல. ஒரு எடத்துல காசு தரேன்னாங்க, ஸ்கிரிப்டை மாத்து, முதலாளி தரப்பையும் நல்லாக் காட்டுன்னாங்க, நான் பெரிய பட்வர்தன் மாதிரி முடியாதுன்னு எந்திரிச்சு வந்துட்டேன். வந்து நேரா கல்யாண வீடியோவுல உக்காந்துட்டேன். டேப் எல்லாம் பிஸ்கட் டப்பாவுல, பரண்ல.

அன்னைக்கு ராத்திரி ரெண்டர் முடிஞ்சும் தூக்கம் வரல. அடுத்த வாரம் டப்பாவை எறக்கி, டேப் டெக் இருக்குற ஒரு பழைய ஸ்டுடியோக்காரரைத் தேடிப் புடிச்சு எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல ஏத்துனேன். ரெண்டு டேப்ல பூஞ்சை. மிச்சம் ஓடுச்சு. நாலு அஞ்சு ஃபிரேமை எடுத்து எங்க ஆல்பம் லேப்லயே பன்னெண்டுக்குப் பதினெட்டு சைஸ்ல பிரிண்ட் போட்டேன், ஆச்சி பலகையோட நிக்கிறது, பொம்பளைங்க சோத்துச் சட்டியோட உக்காந்திருக்குறது. போன நவம்பர்ல அந்தப் பக்கம் ஒரு சடங்கு வீட்டு ஆர்டர் வந்துச்சு, காசு கம்மிதான், ஒத்துக்கிட்டேன்.

போனா அளமெல்லாம் மழைத்தண்ணி. ஐப்பசி கார்த்திகையில உப்பு ஏது, இதுகூட மறந்துபோச்சு எனக்கு. ஒரு ஆளு இல்ல. ரோட்டு முக்குல டீக்கடை இருந்துச்சு, கடைக்காரர்கிட்ட பிரிண்டைக் காட்டுனேன். கையைத் துண்டுல தொடச்சுட்டு வாங்குனாரு. ஆச்சியைப் பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டாரு, மக வீட்டுல இருக்காக, கண்ணு சரியாத் தெரியல, மழ விட்டு தை பொறந்த பொறவு வாங்க, கூட்டிட்டுப் போறேன்னாரு. அப்புறம் சோத்துச் சட்டிப் படத்தை எடுத்து வெளிச்சத்துல புடிச்சு ரொம்ப நேரம் பாத்தாரு.

"இதுல மூணு பேருதான இருக்காவ, தம்பி. எப்பவும் நாலு பேருல்லா ஒன்னா உக்காந்து திங்கும்."

பிரிண்ட் சைஸுக்கு ஓரத்துல கொஞ்சம் வெட்டுனேன். எடது பக்கம் ஒரு கை மட்டும் தெரியுது, சட்டியைப் புடிச்ச மாதிரி. வீட்டுக்கு வந்து ஏழாவது டேப்பை ஓட விட்டுத் தேடிட்டு இருக்கேன்.